சனிக்கிழமைப் புகை

எங்கள் பழைய வீட்டைக் கண்காட்சி ஆக்கிவிட்டார்கள். மாவட்ட வரலாற்றுச் சங்கத்தார் வந்து வீடு, மாட்டுத் தொழுவம், நிலவறை, நீராவிக் குளியலுக்கான சவுனா என்று ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகையை அடித்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். நான் முப்பது வருடம் சாணி அள்ளிய தொழுவத்துக்குள் இப்போது ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நுழைகிறார்கள். சுவர் மரங்களைத் தடவிப் பார்த்து, ஆணியே இல்லாமல் எப்படிக் கட்டினார்கள் என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஆணி வாங்கக் காசில்லை, அவ்வளவுதான் ரகசியம்.

திறப்பு விழாவுக்கு என்னையும் காரில் அழைத்துப் போனார்கள். அடுப்படிச் சுவரில் ஒரு மரத்தொட்டியை மாட்டி, அதன் கீழே ‘குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

சங்கத்துப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். “இது ரொட்டிக்கு மாவு பிசையற தொட்டிம்மா” என்றேன்.

“அப்படியா? மாவுத் தொட்டிய உங்க ஆளுங்க கழுவவே மாட்டாங்கன்னு படிச்சேனே. இது உள்ள பளிச்சுன்னு இருக்கு. வெளியதான் கரிஞ்சு கிடக்கு.”

“கழுவ மாட்டாங்கதான். நான் கழுவினேன்” என்றேன். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முப்பத்தெட்டு வருடம் முந்திய கதை. மின்னசோட்டாவின் வடக்குக் காட்டில் அப்போது எங்களுக்கு ஒரே அண்டை வீடு ஹில்மாவுடையது. மேற்கே ஒரு மைல் தூரம், நடுவில் முழுக்க ஊசியிலை மரக்காடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் புருஷன் சுரங்க வேலைக்குப் போனால் மாதம் ஒருமுறைதான் வருவான். இரண்டு வீட்டுக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் சவுனாவில் நீராவிக் குளியல், அடுத்த சனிக்கிழமை அவர்கள் சவுனாவில். யாரும் வாய்விட்டு அழைப்பதில்லை. அன்றைக்குச் சவுனாவிலிருந்து புகை எழும்பினால் அதுவே அழைப்பு. அடுத்த வீட்டின் முறையன்று ஒருத்தி தன் சவுனாவைப் பற்றவைத்தால், இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம்.

தொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிற உறைமாவுக்கு எங்கள் தாய்நாட்டு மொழியில் வேர் என்று பெயர். தொட்டியின் மரத்திலேயே அது ஒட்டிக் காய்ந்து கிடக்கும். தண்ணீர் விட்டால் உயிர் பெறும், தேய்த்துக் கழுவினால் செத்துப்போகும். ஹில்மாவின் வேரை அவள் அம்மா பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தாள். அந்தக் கோடையில் என் தொட்டி காய்ந்து பலகை பலகையாகக் கழன்றுவிட்டது. ஹில்மாதான், “எனக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு ரொட்டி வேணும், நீ வச்சுக்கோ” என்று தன் தொட்டியை வேரோடு கொடுத்தாள்.

கொடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் குளித்துவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன ரொட்டியை அவள் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“என் வேரப் போட்டா கருங்கல்லுகூட உப்பும். சைமா கை பட்டா மட்டும் வெக்கப்பட்டுப் படுத்துக்குது” என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் புருஷன் வில்ஹோதான் அதிகம் சிரித்தான். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. நானும் சிரித்துவைத்தேன், ஆனால் ஒரு வாரம் முழுக்க அந்த வார்த்தை உள்ளே கிடந்து குத்தியது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் முறை. வில்ஹோ உருளைக்கிழங்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போயிருந்தான், மறுநாள்தான் வருவான். வீட்டில் நான், எட்டு வயது மகள் இம்பி, ஏழு மாதக் கைக்குழந்தை ஆர்வோ. புல் கொட்டகைக் கூரைக்குப் புது ஓட்டுப்பலகை அடிக்க தாவேத்தி வந்திருந்தார். கல்யாணம் காட்சி இல்லாத கிழட்டுத் தச்சர். எங்கள் வீட்டின் மரமெல்லாம் அவர் செதுக்கியதுதான். கழன்றுபோன என் தொட்டியையும் அவரே பூட்டிக் கொடுத்துவிட்டார்.

காலையில் சவுனாவைப் பற்றவைத்தேன். பிறகு ஹில்மாவின் தொட்டியிலிருந்து ஒரு கை மாவை என் தொட்டிக்கு மாற்றினேன். அதன்பின் சாம்பல் தண்ணீரும் மணலும் போட்டு அவள் தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன். இடுக்கு இடுக்காக, மரம் வெளுக்கும்வரை தேய்த்தேன். பொய் சொல்லமாட்டேன், தேய்க்கத் தேய்க்க மனசுக்கு இதமாக இருந்தது.

தாவேத்தி கூரைமேலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, பொணத்தக் குளிப்பாட்டற மாதிரியில்ல தேய்க்கற.”

“அவ பொருளைச் சுத்தமாத் திருப்பிக் குடுக்கறேன். அது தப்பா?”

“தப்புன்னு யார் சொன்னா? இப்படி ஒரு தொட்டி என் வீட்டுக்கு வந்தா நான் கோடாலிய எடுத்துட்டு வருவேன், அவ்வளவுதான்.”

கொடுத்தனுப்ப வேண்டும் என்று அதுவரை தீர்மானிக்கவில்லை. கழுவியதோடு கோபம் ஆறிவிடும் என்றுகூட நினைத்தேன். மத்தியானம் தண்ணீர் எடுக்க ஏற்றத்தடிக்குப் போனபோது மேற்கே பார்த்தேன். ஹில்மா வீட்டுக்கு நேர்மேலே புகை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் முறையில், என் சவுனா புகைவது தெரிந்தே, அவள் தன் சவுனாவைப் பற்றவைத்திருக்கிறாள். இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஜூலையிலிருந்து மழை இல்லை. சதுப்பு நிலம் மண்ணுக்கடியில் வாரக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது. புகை வாசனையோடுதான் எழுந்தோம், படுத்தோம். அதனால் மூக்கு எதையும் சொல்லவில்லை. கண் சொன்னதை ரோஷம் வேறு மாதிரி மொழிபெயர்த்துக்கொண்டது.

இம்பியைக் கூப்பிட்டுத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துவிட்டேன். “ஹில்மா பெரியம்மாகிட்ட குடு. அம்மா இனிமே வேண்டாம்னு சொன்னாங்கன்னு சொல்லு. காபி குடுத்தா குடிக்காதே.”

“ரொட்டி குடுத்தா?”

“வாங்காதே.”

“சர்க்கரை தூவின ரொட்டின்னா?”

“இம்பி!”

“சரி சரி.” தொட்டிக்கடியில் சிவப்புத் தலைத்துணியின் நுனியும் இரண்டு கால்களும் மட்டும் தெரிய, அவள் காட்டுப் பாதையில் போனாள். நான் திரும்பி வந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அவளுக்கு நல்லா வேணும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். தாவேத்தி ஏணியில் இறங்கி வந்தார். “சவுனாவுல என்னத்தப் போட்ட? இந்தப் புகை புகையுது?”

“என்னுது எப்பவோ தணலாயிடுச்சு. அது ஹில்மா வீட்டுது.”

அவர் மேற்கே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்தார். “ஏம்மா, சவுனாப் புகை நேரா மேல போகும். இது படுத்துக்கிட்டு வருது. அகலத்தைப் பாரு.”

பார்த்தேன். காட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வானம் பழுப்பாக இருந்தது. சூரியன் செம்புக்காசு அளவுக்குச் சுருங்கியிருந்தது. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது.

“குழந்தை எங்க?” என்றார்.

நான் இடுப்பிலிருந்த ஆர்வோவைக் காட்டினேன்.

“இவன் இல்லம்மா. பெரியவ.”

கையை மட்டும் மேற்கே நீட்டினேன்.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வராது. ஆர்வோவைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினேன். மேட்டைக் குடைந்து மரம் அடுக்கிக் கட்டியது, குளிர்ச்சியாக இருக்கும், அங்கே தீ வராது என்று புத்தி சொன்னது. தாவேத்தி குறுக்கே வந்து கதவைக் காலால் சாத்தினார்.

“அங்க வேண்டாம்! தீ மேல போச்சுன்னா உள்ள இருக்கற காத்தெல்லாம் உறிஞ்சிக்கும். சத்தமில்லாமச் செத்துப்போவான். கிழங்கு வயலுக்கு வா. தோண்டின மண்ணு, அங்க எரிய ஒண்ணுமில்ல.”

“நான் இம்பிகிட்டப் போறேன்.”

“பால்குடி பிள்ளையத் தூக்கிட்டா?”

குழந்தையை அவர் கையில் திணித்தேன். அந்த மனிதர் அதற்குமுன் ஒரு குழந்தையைக் கூடத் தூக்கியதில்லை. மரக்கட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “திரும்பி வந்துரு. எனக்கு இதுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது” என்றார்.

பாதையில் ஓடினேன். முதலில் முயல்கள் எதிரே வந்தன. பிறகு ஒரு மான், அதன்பின் இன்னும் இரண்டு. என்னைக் கண்டு ஒதுங்கவில்லை. ஒன்று என் தோளில் இடித்துவிட்டுப் போனது. காட்டு மிருகம் மனுஷியைப் பார்த்துப் பயப்படாதபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் ஒருத்தி மட்டும் தப்புத் திசையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

போகப் போக இருட்டியது. மத்தியானம் மூன்று மணி இருக்காது. மேலே ரயில் போவதுபோல் ஒரே இரைச்சல். சாம்பல் முதலில் பூவாக விழுந்தது, பிறகு நெருப்போடு விழுந்தது. பாவாடையில் பொத்தல் விழுந்ததைக் கையால் அடித்து அணைத்தேன். “இம்பி! இம்பி!” என்று கத்தினேன். கத்துவதற்கு வாயைத் திறந்தால் சூடு தொண்டைக்குள் இறங்கியது.

மரத்தைக் கடித்து அணைகட்டும் பீவர்கள் தேக்கிய குளம் ஒன்று பாதி வழியில் உண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால் பாதை வளையும். அந்த வளைவில் நின்றேன். எதிரே பாதை இல்லை. மரங்கள் கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் பற்றின. ஒரு மரம், அடுத்த மரம், அதற்கடுத்த மரம். எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் ஒன்றாகிவிட்டது.

இன்னொரு தடவை கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. அங்கே நின்று சாவதா, திரும்புவதா? ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கால் திரும்பிவிட்டது. என் பெண்ணை அந்த நெருப்புக்குள் விட்டுவிட்டு நான் திரும்பி ஓடினேன்.

கிழங்கு வயலின் நடுவில் தாவேத்தி பள்ளம் பறித்து வைத்திருந்தார். மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். வீட்டிலிருந்த கந்தல் விரிப்புகளையெல்லாம் சவுனாத் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்திருந்தார். குளிப்பதற்கென்று காலையிலேயே நான் நிரப்பிய தண்ணீர் அது. குழந்தையை அடியில் வைத்து முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மேலே படுத்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. நான் தனியாக வந்ததைப் பார்த்தாரே, போதாதா?

தீ எங்கள்மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. புல் கொட்டகை ஒரே சத்தத்தில் விழுந்தது. விரிப்பு ஆவியாகக் கொதித்தது. ஆர்வோ முதலில் வீறிட்டான், பிறகு சிணுங்கினான், பிறகு சத்தம் நின்றது. அவன் மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்த்தேன். நான் தெய்வத்திடம் பேரம் பேசினேன். வெட்கமில்லாமல் பேசினேன். ரொட்டி, ரோஷம், வீடு, மாடு எல்லாம் எடுத்துக்கோ என்றேன். இம்பி வெந்துகொண்டிருப்பாள் என்று மனசு சொன்னபோதெல்லாம் மண்ணைக் கடித்தேன்.

காற்று வடக்கே திரும்பியது. அதனால்தான் இந்தக் கண்காட்சி இன்றைக்கு நிற்கிறது. தலையைத் தூக்கியபோது வீடும் தொழுவமும் புகைக்குள் அப்படியே நின்றன. சவுனாவின் மேற்குச் சுவர் கரியாகியிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆர்வோ கண்ணைத் திறந்து தாவேத்தியின் தாடியைப் பிடித்து இழுத்தான். கிழவர் விக்கி விக்கி அழுதார்.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு மறுபடியும் மேற்கே நடந்தேன். காடு இல்லை. கரிக்கம்பங்கள்தான் இருந்தன. தரை கணகணவென்று சுட்டது. சிவப்புத் துணி ஏதாவது கிடக்கிறதா என்று தேடிக்கொண்டே போனேன். கிடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன். வழியில் ஏதோ ஒன்று கருகிக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மான்.

வளைவைத் தாண்டினேன். குளம் பாதி வற்றி, மேலெல்லாம் சாம்பல் மூடிக் கிடந்தது. நடுவில் ஒரு மனுஷி கழுத்தளவு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை. அவள் முன்னால் ஒரு தொட்டி கவிழ்ந்திருந்தது. வெளிப்பக்கம் கரி. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஹில்மாக்கா” என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “சைமாவா? வந்து இந்தக் கையப் பிரிச்சு விடுடி. ஒட்டிக்கிச்சு” என்றாள்.

தொட்டியைத் தூக்கினேன். அடியில் இம்பி. முகம் வெளுத்து, உதடு நீலமாக, கண்ணை அகல விரித்துக்கொண்டு முழுசாக இருந்தாள். ஒரு பொத்தல்கூட இல்லை. அவளை மார்போடு சேர்த்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள நல்லாத்தான் தேய்ச்சிருக்க” என்றாள் ஹில்மா. “பழைய மாவு இருந்திருந்தா ஊறி ஊறிப் பிள்ள மூஞ்சில ஒழுகியிருக்கும்.”

நான் ஓவென்று அழுதேன். “அக்கா, உன் வீட்டுப் புகையப் பார்த்துட்டு, நீ வேணும்னே உன் சவுனாவ...”

“என் சவுனாவா? நான் எதுக்குடி பத்தவைக்கறேன், உன் முறைதானே? நான் குளிக்கறதுக்கு உன் வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன். இங்க வர்றப்ப ஒரு தொட்டி நடந்து வருது. வேண்டாம்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லுது. தொட்டிதானே வேண்டாம்னா, என்னையா வேண்டாம்னா? அவ புகை வான்னுதானே சொல்லுதுன்னு நெனச்சேன். அதுக்குள்ள எல்லாம் பத்திக்கிச்சு.”

குளத்தங்கரையில் அவள் கொண்டுவந்த மாற்றுத்துணி மூட்டை சாம்பலாகிக் கிடந்தது. முதலில் தொட்டியால் தண்ணீர் மொண்டு மொண்டு இம்பியின் தலையில் ஊற்றியிருக்கிறாள். தீ மேலே வந்தபோது தொட்டியை அவள்மேல் கவிழ்த்து, பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிடித்த கைகள் தண்ணீருக்கு வெளியே இருந்தன.

தாவேத்தி ஏணியைக் கொண்டுவந்தார். அதில் ஹில்மாவைக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவுக்கு வந்ததும் நின்றாள்.

“அம்மா, நீ இங்கதானே நின்னு கூப்பிட்ட?”

நான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

“கேட்டுச்சும்மா. நான் பதில் சொன்னேனே. நிறைய தடவ சொன்னேன். ஓடி வரப் பார்த்தேன், பெரியம்மா விடல. அவங்க கைய நல்லாக் கடிச்சுட்டேன். நீ திரும்பிப் போயிட்ட.”

குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த வளைவிலிருந்து குளம் நூறு தப்படிகூட இல்லை.

ஹில்மாவின் விரல்கள் அதற்குப்பின் நிமிரவேயில்லை. அவள் வீடு தரையோடு போயிருந்தது. எரியாமல் நின்ற மரங்களை வெட்டி தாவேத்தியும் வில்ஹோவும் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவளுடைய வேர் உலகத்தில் என் தொட்டியில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவள் சாகும்வரை, இருபத்திரண்டு வருடம், அவள் வீட்டு ரொட்டியை நான்தான் பிசைந்தேன். ஒவ்வொரு வாரமும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் படுத்துட்டுத்தாண்டி இருக்கு” என்பாள். கரிந்த தொட்டியில் யாரும் மறுபடி மாவு போடவில்லை.

சங்கத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பலகையில என்னன்னு மாத்தி எழுதட்டும்?” என்றாள்.

“மாத்த வேண்டாம். அன்னிக்கு இந்தத் தொட்டி பிள்ளயக் குளிப்பாட்டத்தான் செஞ்சுது” என்றேன்.

வளைவில் இம்பி சொன்னதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. இம்பி இப்போது மூன்று பிள்ளைகளோடு துலூத் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள். நான் ஒன்பதரைக்கே நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவேன்.

“ஏம்மா இவ்வளவு அவசரம்?” என்று சிரிப்பாள்.

“கேட்டுச்சு, அதான்” என்பேன்.